ஜெர்மனியில் மளிகை வாங்குவது எப்படி: ஒரு வீட்டுக்கு மூன்று கடை

நீங்கள் ஜெர்மனியில் வந்து இறங்குவது சனிக்கிழமை மாலை என்றால், பெட்டியை அறையில் போட்டுவிட்டு முதலில் கடைக்குப் போங்கள், குளியலும் தூக்கமும் அப்புறம். ஞாயிற்றுக்கிழமை இங்கே சூப்பர் மார்க்கெட் திறக்காது. மதியத்துக்கு மேல் திறப்பார்கள், தெருமுனைப் பெட்டிக்கடையாவது இருக்கும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள், பெட்ரோல் பங்க், காலையில் சில மணி நேரம் பேக்கரி, இவ்வளவுதான் அன்றைக்கு. அங்கே விலையும் கூடுதல், அரிசி பருப்பும் பெரிதாக இருக்காது.

மற்ற நாட்களிலும் கடை மூடும் நேரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். முன்பு நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் இருந்தது, 2006-க்குப் பிறகு மாநிலங்களே முடிவு செய்கின்றன. பெர்லினில் இரவு பத்து, பதினொன்று வரைகூட திறந்திருக்கும் கடைகள் உண்டு. மியூனிக் இருக்கும் பவேரியாவில் இரவு 8 மணி ஆனால் கதவைச் சாத்திவிடுவார்கள். அலுவலகம் முடிந்து ஏழரைக்கு ரயில் ஏறுகிறவர்களுக்கு இந்த ஒரு விஷயமே வாரத்தைத் தீர்மானிக்கும். விடுமுறை நாட்களும் அப்படித்தான், ஒரு மாநிலத்தில் விடுமுறை, பக்கத்து மாநிலத்தில் வேலை நாள். ஈஸ்டர் சமயத்தில் வெள்ளி மூடல், சனி திறப்பு, ஞாயிறும் திங்களும் மூடல். டிசம்பர் 24 மதியம் 2 மணிக்கே கடை முடிந்துவிடும், அடுத்த இரண்டு நாளும் கிடையாது. அதனால் உங்கள் மாநிலத்தின் விடுமுறைப் பட்டியலை போனில் ஏற்றி வையுங்கள். விடுமுறைக்கு முந்தின நாள் மாலை கூட்டம் தாங்காது, காலையிலேயே போய்விடுவது நல்லது.

இனி முக்கியமான விஷயம். புதிதாக வருகிறவர்களில் நிறையப் பேர் ஊரில் எழுதும் அதே மளிகைப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு இந்தியக் கடைக்குப் போய், சீரகத்திலிருந்து பால் வரை எல்லாவற்றையும் அங்கேயே வாங்கி, மாதக் கடைசியில் சாப்பாட்டுச் செலவைப் பார்த்து மலைத்துப் போகிறார்கள். இன்னொரு கூட்டம் அதற்கு நேர் எதிர்: பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் என்ன தென்படுகிறதோ அதை மட்டும் வாங்கி ரொட்டியும் பாஸ்தாவுமாக ஓட்டி, மூன்றாவது மாதம் சாம்பாருக்கு ஏங்குகிறது. இரண்டுமே தேவையில்லை. நம் சமையலுக்கு வேண்டியதில் பாதிக்கு மேல் சாதாரண ஜெர்மன் கடையிலேயே இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி துருக்கிக் கடையில் கிடைக்கும். கடைசியாக மிஞ்சுவதற்குத்தான் தமிழ்க் கடை, இந்தியக் கடை. பட்டியலை மூன்றாகப் பிரித்து எழுதப் பழகுங்கள். ஜெர்மன் கடைக்கு வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை, துருக்கிக் கடைக்கு வாரம் ஒரு முறை, தமிழ்க் கடைக்கு மாதம் ஒரு முறை போனால் போதும்.

ஜெர்மன் கடைக்குள்

கடைகளில் இரண்டு வகை உண்டு. ஆல்டி, லிடில், பென்னி, நெட்டோ எல்லாம் மலிவு விலைக் கடைகள். சரக்கு வகை குறைவு, ஆனால் அன்றாடத்துக்கு வேண்டிய பால், முட்டை, வெங்காயம், உருளை, எண்ணெய், சர்க்கரை எல்லாம் உண்டு. ரேவே, எடேகா, கௌஃப்லாண்ட் கொஞ்சம் பெரியவை, வகை அதிகம். அடிப்படைப் பொருட்களில் கடையின் சொந்த பிராண்டை எடுத்தால் எங்கே வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. இவை தவிர டிஎம், ரோஸ்மன் என்று சோப்பு, ஷாம்பு விற்கும் கடைகள் இருக்கின்றன, அவற்றின் உணவு அலமாரியையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். டிஎம்மில் இயற்கை விவசாயத்தில் விளைந்த மைசூர் பருப்பும் கடலை மாவும் கிடைக்கின்றன, பலருக்கு இது தெரிவதே இல்லை.

வாசலில் தள்ளுவண்டிகள் சங்கிலியில் கோத்திருக்கும். 1 யூரோ நாணயத்தைச் சொருகினால் வண்டி கழன்று வரும், திரும்பக் கொண்டுபோய் மாட்டினால் காசு வெளியே வரும். ஒரு நாணயத்தை இதற்கென்றே பர்ஸில் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். பையையும் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். வழக்கமான மெல்லிய பிளாஸ்டிக் கேரி பைகளுக்கு 2022 ஜனவரியிலிருந்து தடை, காகிதப் பையோ துணிப் பையோ காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

விலைச் சீட்டில் பெரிய எழுத்தில் இருப்பது பாக்கெட்டின் விலை. அதன் கீழே பொடி எழுத்தில் கிலோவுக்கு அல்லது லிட்டருக்கு என்ன விலை என்று போட்டிருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான். பெரிய பாக்கெட்தான் மலிவு என்ற நம் கணக்கு இங்கே பல நேரம் தப்பாகிவிடும், அந்தப் பொடி எழுத்து ஒரு நொடியில் சொல்லிவிடும். வரியெல்லாம் விலைக்குள்ளேயே அடக்கம், கவுன்டரில் புதிதாக எதுவும் ஏறாது, பாட்டில் டெபாசிட் மட்டும் விலக்கு, அதைப் பின்னால் சொல்கிறேன். காய்கறியில் சிலது கிலோ கணக்கு, சிலது ஒன்றுக்கு இவ்வளவு: காலிஃப்ளவர், வெள்ளரிக்காய் பெரும்பாலும் ஒன்று இன்ன விலை என்றுதான் இருக்கும், அதனால் கனமானதாகப் பார்த்து எடுங்கள். சில கடைகளில் காயை நீங்களே தராசில் வைத்து, எண்ணை அழுத்தி, ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போக வேண்டும்; காய்ப் பகுதியில் தராசும் எண்களும் தெரிந்தால் அதுதான் அர்த்தம்.

காய்களில் கோஸ், கேரட், பீட்ரூட், முள்ளங்கி, நூல்கோல் எல்லாம் இங்கேயே விளைபவை, அருமையாக இருக்கும். நூல்கோலை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், இலையோடு விற்பார்கள், இளசாக இருக்கும், சாம்பாரில் போட்டால் ஊர் நூல்கோலைவிடச் சீக்கிரமே குழைந்துவிடும், அதனால் கடைசியில் போடுங்கள். கூம்பு வடிவத்தில் ஒரு கோஸ் இருக்கும், பொரியலுக்கு உருண்டைக் கோஸைவிட அதுதான் மென்மை. சுரைக்காய், பீர்க்கங்காய் கூட்டு வைக்க நினைத்தால் சுக்கினியை வாங்குங்கள். இலையுதிர் காலத்தில் வரும் ஆரஞ்சு நிறக் குட்டிப் பூசணிக்குத் தோல் சீவவே வேண்டாம், வெந்தால் தோலும் கரைந்துவிடும். கீரைக்கு உறைந்த பாலக் பாக்கெட் வருடம் முழுவதும் கிடைக்கும், ஆனால் அதிலும் வெறும் கீரை, கிரீம் சேர்த்த கீரை என்று இரண்டு உண்டு, மசியலுக்கு வெறும் கீரைதான் வேண்டும்.

உருளைக்கிழங்குப் பையில் மூன்று வகை எழுதியிருக்கும். 'ஃபெஸ்ட்கோஹன்ட்' என்றால் வெந்தாலும் உடையாது, வறுவலுக்கும் குருமாவுக்கும் ஏற்றது. 'மேலிஷ் கோஹன்ட்' என்றால் மாவாகக் குழையும், பூரி மசாலாவுக்கும் போண்டாவுக்கும் அதுதான். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கும், எதற்கென்று முடிவு செய்யாத வாரத்தில் அதை எடுங்கள். ஊரில் நாம் உருளைக்கிழங்கை இப்படிப் பிரித்துப் பார்த்து வாங்குவதில்லை, அதனால்தான் நிறையப் பேர் இங்கே கிழங்கு சரியில்லை என்கிறார்கள். கிழங்கில் குறையில்லை, பையை மாற்றி எடுத்திருப்பார்கள்.

பால் இரண்டு இடத்தில் இருக்கும். குளிர்பெட்டியில் இருப்பது சாதாரணப் பால், வெளியே அலமாரியில் அட்டைப் பெட்டியில் அடுக்கியிருப்பது 'ஹா மில்ஷ்', அதிக வெப்பத்தில் பதப்படுத்தியது, பிரிக்காதவரை வெளியிலேயே பல வாரம் இருக்கும். காபிக்கு குளிர்பெட்டிப் பால், 3.5 சதவீதக் கொழுப்பு என்று போட்டதை எடுங்கள். 1.5 சதவீதப் பாலில் போட்ட காபி தண்ணீராக இருக்கும். லாக்டோஸ் இல்லாத பால் என்று ஒன்று பக்கத்திலேயே இருக்கும், அது இயல்பாகவே கொஞ்சம் இனிக்கும், தேவைப்பட்டால் தவிர வேண்டாம். தயிருக்கு 'நாட்டூர்யோகுர்ட்' என்று எழுதிய சர்க்கரை இல்லாத டப்பா, அதிலும் 3.5 சதவீதம். அதையே உறைக்கும் ஊற்றலாம். மோருக்குத் தனியாகக் கடைய வேண்டாம், 'புட்டர்மில்ஷ்' என்று அரை லிட்டர் டப்பாவில் விற்கிறார்கள், நன்றாகப் புளித்திருக்கும், மோர்க்குழம்புக்கு இதைவிட வசதியான பொருள் வேறு இல்லை. நெய்க்கு 'புட்டர்ஷ்மால்ட்ஸ்'. இதில் மட்டும் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும், ஏனென்றால் வெறும் 'ஷ்மால்ட்ஸ்' என்றோ 'ஷ்வைனஷ்மால்ட்ஸ்' என்றோ இருந்தால் அது பன்றிக் கொழுப்பு.

மைசூர் பருப்பு எல்லாக் கடையிலும் 'ரோட்டே லின்ஸன்' என்ற பெயரில் அரைக் கிலோ பாக்கெட்டில் கிடைக்கும், கால் மணி நேரத்தில் குக்கர் இல்லாமலே வெந்துவிடும், வார நாட்களின் சாம்பாருக்கு இதையே பழக்கிக்கொண்டால் துவரம் பருப்புக்காக அலைய வேண்டியதில்லை. கொண்டைக்கடலை உலர்ந்ததும் உண்டு, வேகவைத்து டப்பாவில் அடைத்ததும் உண்டு. மஞ்சள் நிறத்தில் உடைத்த பட்டாணி பாக்கெட் தென்பட்டால் விடாதீர்கள், ஊறவைத்து கொரகொரப்பாக அரைத்தால் மசால் வடை மொறுமொறுவென்று வரும். அரிசியில் பாஸ்மதி எங்கும் உண்டு. பால் சோற்றுக்கென்று 'மில்ஷ்ரைஸ்' என ஒரு குண்டு அரிசி விற்கிறார்கள், விலை மலிவு, நன்றாகக் குழையும், தயிர்ச் சாதத்துக்கும் வெண்பொங்கலுக்கும் பாஸ்மதியைவிட இது எவ்வளவோ மேல்.

மாவு அலமாரியில் எண்கள் போட்டிருக்கும். 405 என்றால் வெள்ளை வெளேரென்ற மைதா மாதிரி மாவு. எண் கூடக் கூட தவிட்டுப் பகுதி கூடும், நிறமும் கூடும். சப்பாத்திக்கு 1050-ஐ மட்டுமோ, முழுக் கோதுமை மாவையும் 405-ஐயும் பாதிப் பாதியாகக் கலந்தோ பிசையலாம். ஆனால் பாக்கெட்டில் 'வைட்சன்' என்று இருக்கிறதா பாருங்கள், அதுதான் கோதுமை. 'ரோகன்' என்றால் கம்பு வகைப்பட்ட வேறு தானியம் என்று சிலர் சொல்வார்கள், அது கம்பு இல்லை, ரை என்னும் குளிர்நாட்டுத் தானியம், அந்த மாவு கையில் பசைபோல ஒட்டும், சப்பாத்தியாகத் தேய்க்கவே வராது. ரவையிலும் இரண்டு: 'ஹார்ட்வைட்சன்' என்று தொடங்குவது உப்புமாவுக்கு உதிரியாக வரும், 'வைஷ்வைட்சன்' கஞ்சி மாதிரி குழைந்துவிடும், அதைக் கேசரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மசாலாவை ஜெர்மன் கடையில் வாங்காதீர்கள். குட்டிக் குப்பியில் 30, 40 கிராம் வைத்து, இந்தியக் கடையில் 100 கிராம் பாக்கெட் என்ன விலையோ அதைவிட அதிகம் வாங்குவார்கள். அவசரத்துக்கு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்று கவனம்: சீரகம் 'க்ராய்ட்ஸ்க்யூமல்'. வெறும் 'க்யூமல்' என்று இருப்பது பார்க்கச் சீரகம் போலவே இருக்கும், ஆனால் அது வேறு, இவர்கள் ரொட்டியிலும் கோஸிலும் போடும் விதை, ரசத்தில் தாளித்தால் ரசம் வீணாகிவிடும். 'பப்ரிகா' பொடி மிளகாய்த்தூள் இல்லை, நிறம் மட்டும்தான் தரும், 'ரோஸன்ஷார்ஃப்' என்று போட்டதில் லேசாகக் காரம் இருக்கும், அதுவும் நமக்குப் போதாது.

சைவமாக இருப்பவர்களும், குறிப்பிட்ட இறைச்சி சாப்பிடாதவர்களும் லேபிளை நம்பித்தான் வாழ வேண்டும். 'ஷ்வைன்' பன்றி, 'ரின்ட்' மாடு, 'ஹேன்ஷன்' கோழி, 'பூட்டே' வான்கோழி. கொத்துக்கறியில் 'கெமிஷ்ட்' என்று இருந்தால் மாடும் பன்றியும் கலந்தது. ஜெல்லி மிட்டாய்களிலும் சில இனிப்புத் தயிர்களிலும் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கிலிருந்து எடுப்பது. மஞ்சளும் பச்சையுமாக 'வி' எழுத்துப் போட்ட முத்திரை இருந்தால் நிம்மதியாக எடுக்கலாம், நம் ஊர்ப் பச்சைப் புள்ளி மாதிரி எல்லாவற்றிலும் கட்டாயம் இல்லை, முத்திரை இல்லாவிட்டால் பொருட்களின் பட்டியலைப் போனில் மொழிபெயர்த்துப் பார்த்துவிடுங்கள். முட்டையின் மேலேயே ஒரு எண் அச்சிட்டிருக்கும், முதல் இலக்கம் 0 என்றால் இயற்கைப் பண்ணை, 1 வெளியில் மேயவிட்ட கோழி, 2 கொட்டகைக்குள் உலவும் கோழி, 3 கூண்டுக் கோழி. காசைக் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது 0 அல்லது 1 வாங்குங்கள் என்பது என் கட்சி.

நாட்டுக்கோழிக் குழம்பு வைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். உறைந்த பொருட்கள் பெட்டியில் 'ஸுப்பன்ஹூன்' என்று முழுக் கோழி ஒன்று கிடக்கும். முட்டையிட்டு முடித்த வயதான கோழி. ஜெர்மானியர்கள் இதை சூப்புக்கு மட்டும்தான் வாங்குவார்கள், அதனால் விலையும் குறைவு. தோலை உரித்துவிட்டு, மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்துவிட்டு, குக்கரில் எட்டு விசில் விடுங்கள். பிராய்லரில் வராத ருசி இதில் வரும்.

தண்ணீர் பாட்டில் எடுக்கும்போது 'ஸ்டில்' என்று இருக்கிறதா பார்க்க வேண்டும், மற்றது பெரும்பாலும் சோடா. உண்மையில் குழாய்த் தண்ணீரே குடிக்க நல்லது, பாட்டில் சுமக்க வேண்டியதே இல்லை.

கவுன்டரும் பாட்டில் காசும்

பில் போடுகிறவர்களின் வேகம் முதலில் மிரள வைக்கும். பெல்ட்டில் கனமான பொருட்களை முன்னால் வையுங்கள், தக்காளி, முட்டை, ரொட்டி எல்லாம் கடைசியில். உங்களுடையது முடிந்ததும் குறுக்கே ஒரு கட்டையை வைக்க வேண்டும், பின்னால் வருகிறவருடைய சாமானோடு கலக்காமல் இருக்க. அவர்கள் ஸ்கேன் செய்து தள்ளத் தள்ள அப்படியே வண்டிக்குள் போட்டுக்கொள்ளுங்கள், அங்கேயே நின்று பைக்குள் அடுக்காதீர்கள், ஜன்னல் பக்கம் அதற்கென்று ஒரு பலகை இருக்கும், பணம் கட்டிவிட்டு அங்கே போய் நிதானமாக அடுக்கலாம். வரிசையில் பேச்சு இல்லாவிட்டாலும் உங்கள் முறை வந்ததும் 'ஹலோ' சொல்லுங்கள், போகும்போது 'ஷ்யோனன் டாக்' சொல்லுங்கள். சொல்லாமல் போனால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். ரசீதைத் தூக்கி எறிய வேண்டாம். தானியங்கி கவுன்டரில் பில் போட்டால் வெளியே போகும் கதவு திறப்பதற்கே சில கடைகளில் அந்த ரசீதைத்தான் காட்ட வேண்டும், ஒரு கடையில் வாங்கிவிட்டு அதே பையோடு அடுத்த கடைக்குள் நுழைந்தாலும் ரசீது கையில் இருப்பது நல்லது.

பாட்டில் விஷயத்துக்கு வருவோம். குடிபான பாட்டில், கேன் வாங்கும்போது விலையோடு டெபாசிட் ஒன்று சேரும், இதற்குப் பெயர் 'ஃபான்ட்'. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட். கழுவித் திரும்ப நிரப்பும் பாட்டில்களில் பியர் பாட்டிலுக்கு 8 சென்ட், மற்றவற்றுக்குப் பெரும்பாலும் 15 சென்ட். 2003-இல் தொடங்கிய இந்த 25 சென்ட் முறையில் 2022-இல் ஜூஸ் பாட்டில்களும், 2024-இல் பிளாஸ்டிக் பால் பாட்டில்களும் சேர்ந்தன. ஆறு பாட்டில் கட்டு வாங்கினால் ஒன்றரை யூரோ அப்படிப் போய் நிற்கும், அதைத் திரும்ப வாங்காமல் விடுவது சும்மா காசைக் கொட்டுவதுதான்.

காலிப் பாட்டிலை நசுக்கக் கூடாது, லேபிளையும் கிழிக்கக் கூடாது, ஏனென்றால் இயந்திரம் அதன் கோடுகளைப் படித்துத்தான் காசைக் கணக்கிடும். கடை வாசலுக்குப் பக்கத்தில் சுவரில் வட்டமாக ஒரு துளை இருக்கும், ஒவ்வொன்றாக உள்ளே வையுங்கள், அதுவே உருட்டிப் பார்த்து இழுத்துக்கொள்ளும். கடைசியில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும், அதைக் கவுன்டரில் கொடுத்தால் பில்லில் கழிப்பார்கள், எதுவும் வாங்காவிட்டால் ரொக்கமாகவே தருவார்கள். 25 சென்ட் பாட்டிலைப் பெரும்பாலும் எந்தப் பெரிய கடையிலும் கொடுக்கலாம். கண்ணாடி பாட்டிலை மட்டும் அந்த வகையை விற்கும் கடையில்தான் எடுப்பார்கள், இயந்திரம் திருப்பித் துப்பினால் வேறு கடையில் போட்டுப் பாருங்கள். வெளியில் இருக்கும்போது காலிப் பாட்டிலைச் சுமக்க முடியாவிட்டால் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் அதன் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள். அதைச் சேகரித்து வாழ்கிறவர்கள் இந்த நாட்டிலும் இருக்கிறார்கள், தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவும் நிலையை அவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டாம்.

துருக்கிக் கடை

எந்த ஜெர்மன் நகரத்திலும் வீடு பார்க்கும்போது பக்கத்தில் துருக்கிக் கடை இருக்கிறதா என்று பாருங்கள். அவ்வளவு உதவி. கொத்தமல்லியும் புதினாவும் ஜெர்மன் கடையில் தொட்டியிலோ நான்கு தண்டு வைத்த பிளாஸ்டிக் பெட்டியிலோ விற்கும், இங்கே கைகொள்ளாத கட்டாகக் கிடைக்கும். கட்டைக் கையில் எடுத்ததும் ஒரு இலையைக் கசக்கி மோந்து பாருங்கள், ஏனென்றால் பக்கத்திலேயே பார்ஸ்லி கட்டும் இருக்கும், இலை கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் தெரியும். வெண்டைக்காய், குட்டிக் கத்தரிக்காய், வேரோடு இருக்கும் கீரை, காரமான பச்சை மிளகாய், எலுமிச்சை, மாதுளை எல்லாம் உண்டு. நீளமாக வெளிர் பச்சையில் ஒரு மிளகாய் குவித்து வைத்திருப்பார்கள், பஜ்ஜிக்கு அது சரியாக இருக்கும், ஆனால் காரமானது, காரமில்லாதது என இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

உலர் சாமான்களில் இவர்களுடைய 'ஷெஹ்ரியே' நம் சேமியாதான். 'இர்மிக்' ரவை. புல்கூர் என்னும் உடைத்த கோதுமை பொடி, நடுத்தரம், பெரியது என்று பல அளவில் இருக்கும், நடுத்தர அளவில் உப்புமா கிண்டினால் சம்பா ரவை உப்புமாவேதான். வறுத்த கடலை 'லெப்லெபி' என்ற பெயரில் கிடைக்கும், உப்புப் போடாத மஞ்சள் வகையை வாங்கி சட்னிக்கு அரைத்தால் பொட்டுக்கடலை இல்லாத குறை தெரியாது. தயிர் 1 கிலோ, இன்னும் பெரிய வாளியிலும் உண்டு. அய்ரான் என்பது உப்புப் போட்ட மோர், வெயில் காலத்தில் அதில் கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்டால் முடிந்தது வேலை. ஹலால் இறைச்சி இங்கேதான், ஆட்டுக்கறியைக் குழம்புக்கு ஏற்றபடி எலும்போடு வெட்டச் சொன்னால் வெட்டிக் கொடுப்பார்கள், கையால் அளவு காட்டினாலே போதும். குளிர் மாதங்களில் மீன் விற்கும் துருக்கிக் கடைகளில் 'ஹம்ஸி' வரும், அது நெத்திலி வகை, வறுவலுக்கும் குழம்புக்கும் வாங்கலாம். சில கடைகளில் கார்டு வாங்க மாட்டார்கள், அல்லது இவ்வளவு யூரோவுக்கு மேல்தான் என்பார்கள், ஆகவே 20 யூரோ ரொக்கமாகக் கையில் இருக்கட்டும்.

தமிழ்க் கடை

1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள் இங்கே உருவாக்கிய கடைகள்தான் இன்றைக்கு நாம் கறிவேப்பிலை போட்டுத் தாளிப்பதற்குக் காரணம். மேற்கே டோர்ட்முண்ட், எஸ்ஸன் பக்கம் இவை நிறைய. காமாட்சி அம்பாள் கோயில் இருக்கும் ஹம் நகரமும் அந்தப் பகுதிதான், ஜெர்மனியின் பல ஊர்களிலிருந்தும் தேர்த் திருவிழாவுக்கு அங்கே தமிழர்கள் திரண்டு வருகிறார்கள். உங்கள் ஊரில் தமிழ்க் கடை இல்லாவிட்டால் வட இந்தியர்களோ ஆப்கானியர்களோ நடத்தும் கடை இருக்கும், பருப்பும் மசாலாவும் அங்கேயும் கிடைக்கும்.

போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "அண்ணை, மரக்கறி எந்த நாள் வரும்?" முருங்கைக்காய், பாகற்காய், புடலங்காய், கறிவேப்பிலை எல்லாம் விமானத்தில் வாரத்தில் குறிப்பிட்ட நாளில் வந்து இறங்கும், அன்றைக்கோ மறுநாளோ போனால் பசேலென்று இருக்கும், நான்கு நாள் கழித்துப் போனால் அதே விலைக்கு வாடியது கிடைக்கும். கறிவேப்பிலை சில வாரம் வராமலே போகும். அதனால் வரும்போது இரண்டு பாக்கெட் வாங்கி, கழுவாமல், ஈரம் இருந்தால் துணியில் ஒற்றி, காற்றை வெளியேற்றிப் பையில் மூடி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள், நிறம் கறுத்தாலும் மணம் போகாது. துருவிய தேங்காய், உரித்த சின்ன வெங்காயம், வாழைப்பூ, மரவள்ளி எல்லாம் உறைந்த பாக்கெட்டில் இருக்கும். முழுத் தேங்காயை வாங்கி உடைத்துப் பார்த்தால் உள்ளே கெட்டுப்போயிருப்பது அடிக்கடி நடக்கும், துருவல் பாக்கெட்தான் புத்திசாலித்தனம்.

பொருட்களில் ஊர் வித்தியாசம் கவனிக்க வேண்டும். அங்கே பருப்பு என்றால் மைசூர் பருப்பைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், துவரம் பருப்பு வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தூள் என்று கேட்டால் மல்லி, சோம்பு, மிளகு எல்லாம் மிளகாயோடு வறுத்து இடித்த யாழ்ப்பாணக் கறித்தூள் வரும். மீன் குழம்புக்கு அது பிரமாதம், ஆனால் தனி மிளகாய்த்தூள்தான் வேண்டும் என்றால் அதையும் விளக்கிச் சொல்ல வேண்டும். சிவப்பரிசி மாவு, இடியாப்ப மாவு, ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கு மாவு) எல்லாம் இங்கேயே பழகிக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை போகும்போது இட்லி அரிசி, உளுந்து, துவரம் பருப்பு, புளி, பெருங்காயம், கடுகு, வெந்தயம், நல்லெண்ணெய், அப்பளம், இவற்றை மட்டும் வாங்குங்கள். வெங்காயம், தக்காளி, பால், எண்ணெய் எல்லாம் அங்கே வாங்கினால் கூடுதல் விலைதான்.

ஊரிலிருந்து பெட்டியில் எதைக் கொண்டு வரலாம்

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்கள் இறைச்சியையும் பால் பொருட்களையும் கொண்டு வரக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் இதில் அடக்கம். பிடித்தால் வாங்கி அழித்துவிடுவார்கள், அம்மா உருக்கிக் கொடுத்த நெய்யைச் சுங்கத்தில் விட்டுவிட்டு வருவது வேதனை, எனவே வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பச்சைக் காய்கறி, பழம், இலைகளுக்கு 2019 டிசம்பரிலிருந்து தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், டுரியான், வாழைப்பழம், பேரீச்சை ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. மாங்காய் கூடாது, பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது.

அரிசி, பருப்புக்குப் பெட்டியின் எடையை வீணாக்க வேண்டாம், எல்லாம் இங்கே இருக்கிறது. வீட்டில் அரைத்த சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி, பால் சேராத வற்றல், வடகம், புளியோதரைப் பொடி, இவற்றைக் கொண்டு வாருங்கள், கடையில் வாங்குவது அதற்கு ஈடாகாது. அதோடு ஒரு மிக்ஸி. மின்சாரம் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், மின்மாற்றி எதுவும் தேவையில்லை, மூன்று முனைப் பிளக்குக்கு எர்த் இணைப்புள்ள அடாப்டர் மட்டும் வேண்டும், அதை ஊரிலேயே வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். குக்கரும் தோசைக்கல்லும் வாங்குவதாக இருந்தால் அடிப்பாகம் தட்டையாக, இண்டக்‌ஷனில் வேலை செய்வதாகப் பாருங்கள். இங்கே பல வாடகை வீடுகளில் இருப்பது கண்ணாடி அடுப்பு, அது இண்டக்‌ஷனாக இருந்துவிட்டால் அலுமினியக் குக்கர் அதில் சூடே ஏறாது.